எண்ணெய் ஊறிய ரொட்டி

நியூயார்க்கின் ஆர் ரயில் புரூக்ளினில் போய் நிற்கும் கடைசிப் பகுதி பே ரிட்ஜ். ஒரு காலத்தில் நார்வேக்காரர்களும் ஐரிஷ்காரர்களும் இத்தாலியர்களும் நிறைந்திருந்த வட்டாரம். இன்று ஐந்தாம் அவென்யூவில் நடந்தால் அரபுப் பெயர்ப்பலகைகளும் பேரீச்சம்பழக் கடைகளும் இனிப்புக் கடைகளும்தான். நாசரேத்திலிருந்து வந்த பாலஸ்தீனரான ராவியா பிஷாரா 1998இல் 'தனோரீன்' உணவகத்தைத் தொடங்கியது இந்த வட்டாரத்தில்தான். 2020இல் 'ஆயத்' என்ற பாலஸ்தீன உணவகம் முதலில் திறந்ததும் இங்கேதான்.

பாலஸ்தீனச் சாப்பாட்டுக்கு ஆடம்பரமான இடம் எதுவும் தேவையில்லை. பிள்ளைகளோடு குடும்பங்களும் வேலை முடிந்த டாக்ஸி ஓட்டுநர்களும் அடுத்தடுத்த மேசைகளில் உட்காரும் சாதாரணக் கடை போதும். அப்படியொரு கடையில்தான் நான் முதன்முதலாக முஸக்கன் சாப்பிட்டேன்.

தட்டின் விளிம்பைத் தாண்டி நிற்கிறது தபூன் ரொட்டி. சூடான கூழாங்கற்களின் மேல் சுடுவதால் அதன் உடம்பெல்லாம் சின்னச் சின்னக் குழிகள். அதன்மேல், ஆலிவ் எண்ணெயில் நிதானமாக வதங்கி, சுமாக் பொடியால் கருஞ்சிவப்பாகிப்போன வெங்காயம். அதற்கும் மேலே சுட்ட கோழியும் வறுத்த பாதாமும். கரண்டிக்கு வேலையில்லை, ரொட்டியைப் பிய்த்து, வெங்காயத்தோடும் கோழியோடும் சேர்த்து அள்ள வேண்டும். சுமாக் நம் புளியைப் போல நாக்கைச் சுண்டாது. வெங்காயத்தின் இனிப்புக்குப் பின்னாலேயே மெல்ல வரும் பழப்புளிப்பு அது. ரொட்டியின் குழிகளில் தேங்கிய எண்ணெய் விரலிடுக்கில் வழிகிறது.

அந்த எண்ணெய்க்காகவே பிறந்த உணவு இது. அக்டோபரில் ஆலிவ் அறுவடை தொடங்கும். புது எண்ணெய் செக்கிலிருந்து வந்ததும் அதை ருசி பார்க்கக் கிராமத்து வீடுகளில் முஸக்கன் செய்வார்கள். அந்த அறுவடைதான் இன்று ஆபத்தில் இருக்கிறது. மேற்குக் கரையில் யூதக் குடியேற்றங்களை ஒட்டியும் தடுப்புச் சுவருக்கு அப்பாலும் தோப்பு வைத்திருப்பவர்கள், சொந்த மரத்தில் காய் பறிக்க இஸ்ரேலிய ராணுவத்தின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. குடியேறிகள் மரங்களை வெட்டுவதையும் அறுவடை செய்பவர்களைத் தாக்குவதையும் ஐ.நா. ஆண்டுதோறும் பதிவு செய்கிறது. மேசையில் எண்ணெயோடு கொண்டுவந்து வைக்கும் ஸாதர் என்ற மூலிகைப் பொடிக்கும் இப்படியொரு கதை உண்டு. 1977இல் இஸ்ரேல் ஸாதர் செடியைப் பாதுகாக்கப்பட்ட தாவரமாக அறிவித்து, காட்டில் பறிக்கத் தடை விதித்தது. தலைமுறை தலைமுறையாக மலைச்சரிவில் ஸாதர் பறித்தவர்கள் அபராதம் கட்டினார்கள்.

கடையின் உணவுப் பட்டியலே ஒரு நிலப்படம்தான். குனாஃபா இனிப்புக்கு நாப்லுஸின் வெண்பாலாடைக்கட்டி. ஆட்டிறைச்சி மன்ஸஃபுக்கு ஹெப்ரோன். பச்சை மிளகாயும் பூண்டும் சதகுப்பிக் கீரையும் தக்காளியோடு மண்சட்டியில் இடிபட்டு வருகிற, காரம் தூக்கலான 'தக்கா'வுக்குக் காஸா. உறைப்புக்குப் பழகிய நாக்குக்கு அந்தச் சட்டி உடனே பிடித்துப்போகும். அதே காஸா நகர்ப் பகுதியில் பஞ்சம் நிலவுவதாக 2025 ஆகஸ்டில் ஐ.நா. ஆதரவு பெற்ற உணவுப் பாதுகாப்பு வல்லுநர்கள் அறிவித்தார்கள். தக்காளியும் மிளகாயும் விளைந்த ஊரில் குழந்தைகள் பட்டினியால் செத்தார்கள். இதை அறிந்தபின் அந்தச் சட்டியை வெறும் ருசியாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

இவ்வளவு துயரத்தைச் சுமக்கிறவர்களின் கடையில் நான் கண்டது தாராளம்தான். மக்லூபா கேட்டால் பானையோடு கொண்டுவந்து, தாம்பாளத்தில் கவிழ்த்து, சோறும் கத்தரிக்காயும் கோழியும் கோபுரமாக நிற்கும்படி தூக்கிக் காட்டுகிறார்கள். ஒரு மேசைக்கே போதும் அது. ஆயத் உணவகம் டிட்மஸ் பார்க்கில் கிளை திறந்தபோது, பட்டியலில் கடலுணவுப் பகுதிக்கு 'நதியிலிருந்து கடல் வரை' என்ற பாலஸ்தீன அரசியல் முழக்கத்தைத் தலைப்பாக இட்டதற்கு யூதர்கள் பலரிடமிருந்து எதிர்ப்பு வந்தது. கடைக்காரர்கள் 2024 ஜனவரியில் யூதர்களின் வார ஓய்வுநாளான ஷபாத்துக்குரிய விருந்தை ஏற்பாடு செய்து, எல்லாரையும் அழைத்து, இலவசமாகவே போட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து சாப்பிட்டார்கள். இத்தனை கசப்புக்கு நடுவில் பந்தி விரிக்கப் பெரிய மனசு வேண்டும்.

நீங்கள் இருக்கும் நகரத்தில் பாலஸ்தீனக் கடை ஒன்று கண்ணில் பட்டால் உள்ளே போங்கள். ஹம்மூஸோடும் ஃபலாஃபெலோடும் திரும்பிவிடாதீர்கள். நாலு பேராகப் போய் முஸக்கனும் மக்லூபாவும் கேளுங்கள். பரிமாறுபவரிடம் அவர் குடும்பத்துக்குச் சொந்த ஊர் எது என்று விசாரியுங்கள். மேற்குக் கரை விவசாயிகளின் ஆலிவ் எண்ணெய் கிடைத்தால் ஒரு பாட்டில் வாங்கி வாருங்கள். அடுத்த அக்டோபரிலும் அவர்கள் தோப்புக்குப் போக அந்தக் காசு உதவும்.