ரிட்டயர் ஆனப்புறம்...

2019-ல் டெக்சாஸ்காரர் ஒருவர், 20,139 வீடியோ கேம்கள் சேர்த்துவைத்து கின்னஸில் ஏறினார். தினம் ஒன்று ஆடினாலே முடிக்க 55 வருஷமாகும்!

தொண்ணூறுகளில், சிங்கப்பூரிலிருந்து பரங்கிப்பேட்டை திரும்பும் சபுராளிகள் கொண்டுவந்த கேசட்டில் ‘9999 இன் 1’ என்றிருக்கும். மரியோ, கான்ட்ரா என்று ஏழெட்டுதான் நிஜம். மீதியெல்லாம் அதே ஆட்டம், வேறு பெயர். அதையே தெருப் பையன்களோடு அலுக்காமல் ஆடினான் என் நண்பன்.

இப்போது துபாயில் இருக்கிறான். ஆன்லைனில் 600 கேம் வாங்கி வைத்திருக்கிறான். தள்ளுபடி என்றால் கை சும்மா இருக்காது.

“எப்பப்பா ஆடுவே?”

“ரிட்டயர் ஆனப்புறம்டா!”

பி.காம். பாஷையில் இது தேங்கிய சரக்கு. அதுவும் சொந்தச் சரக்கல்ல. ஆடும் உரிமை மட்டும்தான். 2024-ல் ‘தி க்ரூ’ கார் பந்தயத்தின் சர்வரை நிறுத்தியதும், காசு கொடுத்தவர்களாலும் ஆட முடியவில்லை.

சரி, கேம் காத்திருக்கும் என்றே வைத்துக்கொள்வோம். கூட ஆட அந்தத் தெருப் பையன்கள்?