வரலைன்னா இழுக்காத

எஞ்சினை ஓடவிட்டு, போனைப் பக்கத்தில் பிடித்தேன். திருச்சியில் போனைக் காதோடு ஒட்டிக் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, பத்து விநாடியில் "ஆஃப் பண்ணுடா" என்றார். "மருமகள உள்ள உக்காந்து கிளட்ச்ச மிதிக்கச் சொல்லு. நீ முன்னாடி புல்லிய மட்டும் பாரு."

அவள் மிதித்தாள். புல்லி மூன்று மில்லிமீட்டராவது முன்னால் வந்திருக்கும்.

"திரஸ்ட் வாஷர் போச்சு. கழண்டு சம்புல விழுந்து கிடக்கும். எஞ்சின இறக்கணும்."

கார் 1978ஆம் வருடத்து டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1500. இரண்டு பேர் மட்டும் உட்காரும் திறந்த கார். நான் வேலை பார்க்கும் இதே கொவென்ட்ரியில், கேன்லி தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை செய்தார்கள். கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் பிடித்துக்கொள்ள இந்த எஞ்சினில் இருப்பது அரைநிலா வடிவத்தில் இரண்டு சின்ன வாஷர்கள்தான். கிளட்ச்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் கிராங்க் முன்னால் தள்ளப்படுகிறது. அதனால் பின்பக்க வாஷர் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, ஒருநாள் நழுவி விழுந்துவிடும். அதன்பிறகு இரும்பு இரும்பைத் தின்னும்.

இதை அவர் ஐயாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து கண்டுபிடித்ததில் மாயம் ஒன்றுமில்லை. ஸ்பிட்ஃபயரின் அடிச்சட்டம் டிரையம்ஃப் ஹெரால்டிலிருந்து வந்தது. அந்த ஹெரால்டைத்தான் 1961 முதல் சென்னையில் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்று தயாரித்தார்கள். அதிலிருந்த 948 சிசி எஞ்சின் என் காரின் 1493 சிசி எஞ்சினுக்கு அண்ணன் முறை. பாலக்கரையில் ஒரு பட்டறையில் பன்னிரண்டு வயதில் கையாளாகச் சேர்ந்த அப்பா கற்றுக்கொண்டது ஹெரால்டில்தான். முழு பானெட்டும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறப்பதை வீடியோவில் பார்த்ததும் "அட, நம்ம வண்டி" என்றார்.

பிறகு அவரே பட்டறை வைத்தார். என்னை மட்டும் உள்ளே விட்டதில்லை. ஸ்பானரைத் தொட்டால் "போய்ப் படி" என்பார். படித்தேன். மெக்கானிக்கல் இன்ஜினியரிங். நான்கு வருடத்தில் ஒரு எஞ்சினைக்கூட முழுசாகக் கழற்றவில்லை. கேம்பஸ் இன்டர்வியூ படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'பிசினஸ்' என்று எழுதினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனின் அப்பா பேங்க் மேனேஜர். பதினான்கு வருடம் ஆகிறது. அந்தக் கட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஊரில் 'எஞ்சின் இறக்குவது' என்று சொன்னாலும் உண்மையில் மேலே தூக்கித்தான் எடுக்க வேண்டும். ஒரு எஞ்சின் கிரேனை வாடகைக்கு எடுத்தேன். இரண்டு வார இறுதிகள் ஆயின. முதலில் பேட்டரி. பிறகு தண்ணீரையும் ஆயிலையும் வடித்து, ரேடியேட்டரைக் கழற்றினேன். கார்புரேட்டர்கள் இரண்டு, எக்ஸாஸ்ட், ஸ்டார்ட்டர் மோட்டார். பெட்ரோல் குழாயின் வாயை அடைத்தேன். எல்லாம் இஞ்ச் கணக்கு: 7/16, 1/2, 9/16. போல்ட்டின் தலையைப் பார்த்தே சைஸ் சொன்னார் அப்பா. ஒவ்வொரு ஒயரிலும் டேப் ஒட்டி எண் எழுதச் சொன்னார். "கழட்டுறது எவனும் கழட்டுவான். மாட்டும்போதுதான் உன் யோக்கியதை தெரியும்." ஆபீசில் நாங்கள் இதற்குத்தான் பெரிய பெரிய பெயர் வைத்திருக்கிறோம்.

கியர் பாக்ஸை வண்டியிலேயே விட்டு, அடியில் ஜாக்கி முட்டுக் கொடுத்தோம். பெல் ஹவுசிங் போல்ட்டுகளையும் எஞ்சின் மவுண்ட்டுகளையும் கழற்றி, சங்கிலியை மாட்டினேன். அவள் போனைப் பிடித்துக்கொண்டாள். நான் கிரேனின் கைப்பிடியை அடித்தேன். எஞ்சின் இரண்டு அங்குலம் எழும்பி நின்றது. இன்னும் நான்கு அடி அடித்தேன். காரின் முன்பக்கமே சேர்ந்து எழும்பியது.

"நிறுத்து!"

நிறுத்தினேன்.

"வரலைன்னா இழுக்காத. எதையோ கழட்டாம விட்டுருக்க. இறக்கிட்டுத் தேடு."

டார்ச்சோடு படுத்துத் தேடினேன். எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே இருக்கும் எர்த் பட்டை. கருப்பு கிரீஸுக்குள் ஒளிந்திருந்தது. ஒரே ஒரு போல்ட், 1/2 இஞ்ச். அதைக் கழற்றியதும் எஞ்சின் முன்னால் நகர்ந்து, கியர் பாக்ஸை விட்டுப் பிரிந்து, மெதுவாகச் சுழன்றபடி மேலே வந்தது.

சம்பைத் திறந்தபோது அடியில் சேற்று ஆயிலுக்குள் அந்த அரைநிலா கிடந்தது. துடைத்து கேமராவில் காட்டினேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். முழங்கால் முடியாமல் பட்டறையைக் கொடுத்த பிறகு, அவர் எதையும் இவ்வளவு ஆசையாகப் பார்த்து நான் பார்க்கவில்லை.

அப்போதுதான் சொன்னேன். "அப்பா, காலேஜ்ல ஒரு ஃபார்ம்ல நீங்க பிசினஸ்னு எழுதிட்டேன்."

அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"உன்ன ஒண்ணாப்புல சேக்கும்போது நான்தான்டா மொதல்ல அப்படி எழுதுனேன்" என்றார். "மெக்கானிக்குன்னு போட்டா சீட்டு தருவாங்களோ மாட்டாங்களோன்னு."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கையெல்லாம் ஆயில். கண்ணைத் துடைக்கக்கூட முடியாது.

"சரி, சங்கிலியில தொங்க விட்டுட்டுத் தூங்கப் போயிராத" என்றார் அப்பா. "ஸ்டாண்டுல மாட்டு. நாளைக்குக் கிராங்க்கப் பாப்போம்."