ஓடாத படத்தின் ஷோகார்டு

ஏட்டி,

எங்கள் வீட்டு வம்பைக் கேள். என் கொழுந்தனாருக்குக் கிறுக்கு முற்றிவிட்டது. ஓரகத்தி பட்டுச்சேலை வைத்திருந்த பீரோத் தட்டைக் காலி செய்து, பழைய சினிமாக் காகிதங்களை அடுக்கிவிட்டார். சாதாரண சினிமா என்றால்கூடப் பரவாயில்லை. கிரிக்கெட்காரர்கள் நடித்த படத்தின் போஸ்டர், ஷோகார்டு, பாட்டுப் புத்தகம் இவைதான் வேண்டுமாம். அதன்மேல் அந்த ஆட்டக்காரரே போட்ட கையெழுத்தும் இருக்க வேண்டுமாம். "சேலைக்கு அந்துருண்டை போதும்னு இருந்தேன் அக்கா, இந்தக் காகிதத்துக்கு ஏசி கேக்காரு" என்று என்னிடம் வந்து அழுதாள். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஐரோலியில் வாஷி வண்டி ஏறுவார். அங்கே ஹார்பர் லைனுக்கு மாறி, சாண்ட்ஹர்ஸ்ட் ரோட்டில் இறங்கி, சோர் பஜார் மட்டன் ஸ்ட்ரீட்டில் போஸ்டர் கடை கடையாக நுழைவார். ஒருநாள் நானும் ஒட்டிக்கொண்டு போனேன். வேடிக்கை பார்க்கத்தான், வேறென்ன!

அவர் தேடுவது சலீம் துரானியை. உங்கள் அப்பா வாய் ஓயாமல் சொல்வாரே, அதே ஆள்தான். 1962 ஜனவரியில் மெட்ராஸ் டெஸ்ட்டில் 10 விக்கெட் எடுத்து, இங்கிலாந்தோடு நாம் முதல்முதலாகத் தொடர் ஜெயிக்கக் காரணமாக இருந்தவர். கூட்டம் கேட்ட பக்கம் சிக்ஸர் அடிப்பார் என்று பேர். 1973-ல் கான்பூர் டெஸ்ட்டில் அவரைச் சேர்க்கவில்லை என்றதும், துரானி இல்லாவிட்டால் டெஸ்ட்டே வேண்டாம் என்று ஜனங்கள் அட்டை பிடித்தார்கள். அடுத்து பம்பாய் பிரபோர்ன் மைதானத்தில் ஆட விட்டார்கள். அதுவே அவருக்குக் கடைசி டெஸ்ட்டாகப் போய்விட்டது.

ஆனால் ஆளைப் பார்த்திருக்கிறாயா? ராஜாவீட்டுப் பிள்ளை மாதிரி இருப்பார்! சினிமாக்காரர்கள் விடுவார்களா? அதே வருஷம் பி.ஆர். இஷாரா 'சரித்ரா' படத்தில் அவரைக் கதாநாயகனாக்கினார். ஜோடி பர்வீன் பாபி. அந்தப் பெண்ணுக்கு அதுதான் முதல் படம். படம் படுத்துவிட்டது. பர்வீன் பாபி மட்டும் பிறகு எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டாள்.

படம் படுத்ததுதான் கொழுந்தனாருக்குக் கொண்டாட்டம். ஓடின படத்துக் காகிதத்தைத் தியேட்டர்காரரும் ரசிகரும் பத்திரப்படுத்துவார்கள், பிறகு மறுபடியும் அச்சடிப்பார்கள். ஓடாத படத்துக் காகிதத்தை யார் வைத்திருப்பார்? சுண்டல் மடிக்கப் போயிருக்கும். தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டுக்குத்தான் இந்த அடிதடி. துரானி 2023 ஏப்ரலில் காலமாகிவிட்டார், பர்வீன் பாபி 2005-லேயே போய்விட்டாள். இனிமேல் 'சரித்ரா' ஷோகார்டில் புதிதாகக் கையெழுத்து முளைத்தால், முளைக்க வைத்தவன் யார் என்றுதான் கேட்க வேண்டும்.

அதனால்தான் கொழுந்தனார் சட்டைப்பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி. அச்சில் வந்த கையெழுத்து புள்ளி புள்ளியாகத் தெரியுமாம். பேனா மை என்றால் கோடு விடாமல் ஓடும், காகிதத்தில் லேசாக அழுந்தியும் இருக்கும். பார்த்து வரைந்தவன் கை நடுவில் தயங்கி நிற்கும். அமெரிக்காவில் 1999-ல் எஃப்.பி.ஐ. ஒரு பெரிய போலிக் கையெழுத்துக் கும்பலை வளைத்ததே, அந்தச் சரக்கில் அன்னை தெரசா கையெழுத்துப் போட்ட பேஸ்பால்கூட இருந்ததாம். ஏட்டி, அந்த அம்மாவுக்கும் பேஸ்பாலுக்கும் என்ன சம்பந்தம்? அதையும் வாங்க ஆள் இருந்திருக்கிறதே!

துரானி கிடைக்காத வருத்தத்தை மற்றவர்களை வைத்து ஆற்றிக்கொள்கிறார். 1985-ல் வந்த 'கபி அஜ்நபி தே' போஸ்டர் ஒன்று மாட்டியது. சந்தீப் பாட்டீல் ஹீரோ, கிர்மானி வில்லன்! 1983-ல் சேர்ந்து உலகக் கோப்பை வாங்கியவர்கள் திரையில் முட்டிக்கொள்கிறார்கள். கிர்மானி மெட்ராஸில் பிறந்தவர் என்பதால் நம் பக்கத்து ஆள் என்று கொழுந்தனாருக்கு ஒரு பாசம் வேறு. கவாஸ்கர் 1980-ல் 'சாவ்லி பிரேமாச்சி' என்று மராத்தியில் நடித்தாரே, அதுவும் பட்டியலில் இருக்கிறது. என்னைக் கேட்டால், நம் ஆட்டக்காரர்கள் நடித்த படங்களைப் பார்ப்பதைவிட அவற்றின் போஸ்டரைப் பார்ப்பது உத்தமம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பெரியப்பா பம்பாயில் வேலை பார்த்த காலத்தில் சினிமாப் பாட்டுப் புத்தகமாக வாங்கிக் குவித்தார் அல்லவா? அந்த டிரங்குப்பெட்டி இன்னும் பரணில்தானே கிடக்கிறது? மெதுவாக இறக்கிப் பார். 'சரித்ரா' அகப்பட்டால் தயவுசெய்து லேமினேட் செய்துவிடாதே, செலோடேப்பும் ஒட்டாதே. கொழுந்தனாருக்குப் போன் போடுவதற்கு முன்னால் எனக்குச் சொல். விலை பேசுவது நான். அந்தப் பணத்தில் ஓரகத்திக்கு ஒரு புது பீரோ வாங்கிக் கொடுத்தது போக, மிச்சம் நமக்குப் பாதிப் பாதி.