கட்டிமேட்டில் ஏது மேடு?

சைக்கிள் விட ஆளரவமில்லாத ரோடு வேணுமா? திருத்துறைப்பூண்டி பக்கம் வாங்க. ஏற்ற இறக்கம் மட்டும் கேட்காதீர்கள், இது டெல்டா. கட்டிமேடு என்ற ஊருக்கே மேடு பெயரில்தான். கடல் பக்கமிருந்து வீசும் எதிர்காற்றுதான் எங்களுக்கு ஊட்டி மலை.

தை மாசம் லீவில், அப்பாவைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு வயல் பார்க்கக் கிளம்பினேன். பள்ளிக்கூட நாளில் அவர் மிதிப்பார்; நான் பின்னால் முறுக்கு தின்பேன். இப்போது அவருக்கு முட்டிவலி. பாதி ரோட்டில் நெல் காய்ந்தது. "மேல ஏத்திடாத தம்பி!" என்று ஒரு பாட்டி அலறினார். நிழல் தந்த மரங்களையோ கஜா புயல் 2018 நவம்பரிலேயே சாய்த்துவிட்டது.

வாய்க்கால் பாலம் வந்தது.

"இறங்கிக்கவாடா?"

ரோஷம் 'வேண்டாம்' என்றது. நாற்காலியில் வளர்ந்த உடம்பு கேட்கவில்லை.

"இறங்குங்கப்பா."

இறங்கியவர், கேரியரைப் பிடித்துத் தள்ள ஆரம்பித்தார்.