ஆளுக்கு இரண்டு லெவல்

எங்கள் போர்டிங் றூமில் மூன்று கட்டில், ஒரு மேசை, ஒரு லப்டொப். லப்டொப் எங்களில் ஒருத்தியுடையதுதான் என்றாலும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அது பொதுச்சொத்து. அதில் பால்டர்ஸ் கேட் 3 போட முடிவெடுத்தபோது, 150 ஜிபி இடம் கேட்டது. அசைன்மென்டுகளைத் தவிர மற்றதெல்லாம் அழித்தோம். 2023 ஆவணியில் வெளிவந்த கேம். உலகமெல்லாம் விளையாடி முடித்து, கதைத்து முடித்த பிறகுதான் எங்கள் மேசைக்கு வந்து சேர்ந்தது.

லப்டொப் ஒன்று என்பதால் ஆளும் ஒன்றுதான். மூன்று பேரும் சேர்ந்து ஒரு பெண்ணை உருவாக்கினோம். பொன்னி என்று பெயர் வைத்தோம். தலைமயிர், கண், குரல் எல்லாவற்றிலும் ஒத்துப்போன எங்களுக்கு கிளாஸ் தெரிவில்தான் சண்டை வந்தது. ஒருத்திக்கு வாள் பிடிக்கும், ஃபைட்டர் வேணும் என்றாள். ஒருத்திக்குப் பதுங்கிப் போய்க் குத்துவது பிடிக்கும், றோக். மற்றவள் புத்தகக்காரி, விசார்ட். கேமில் மொத்தம் 12 கிளாஸ் இருக்கிறது, 12 லெவல் வரைக்கும் போகலாம். ஒவ்வொரு லெவல் ஏறும்போதும் பழைய கிளாஸிலேயே தொடரலாம், அல்லது இன்னொரு கிளாஸை முதல் லெவலில் இருந்து தொடங்கலாம். இதைத்தான் மல்டிகிளாஸ் என்கிறார்கள். இது தெரிந்ததும் எங்கள் சண்டை அஞ்சு நிமிஷத்தில் முடிந்தது. ஆளுக்கு இரண்டு லெவல். மூன்று பேருக்கும் நீதி! முதல் லெவல் யாருக்கு என்று துண்டு குலுக்கினோம். றோக் விழுந்தது.

ஆறாவது லெவல் வந்தபோது பொன்னி றோக் 2, ஃபைட்டர் 2, விசார்ட் 2. எழுதிப் பார்க்க வடிவாக இருந்தது. விளையாட வடிவாக இருக்கவில்லை. கூட வருகிற லேஸெல் வெறும் ஃபைட்டர், ஒரு முறைக்கு இரண்டு வெட்டு வெட்டுவாள். கேல் வெறும் விசார்ட், ஃபயர்போல் எறிந்து நாலைந்து பேரை ஒரேயடியாக எரிப்பான். அஸ்டாரியன் வெறும் றோக், பதுங்கித் தாக்கினால் மூன்று பகடை மேலதிகமாக உருளும். எங்கள் பொன்னிக்கு வெட்டு ஒன்று, பகடை ஒன்று, மந்திரமோ முதல் மட்டம் மட்டும். கதையின் நாயகி தன் கூட்டாளிகள் மூன்று பேரின் மூன்று மங்கிய போட்டோக்கொப்பியாக நின்றாள். மலைப்பாதையில் கித்யாங்கிகளின் தளத்துக்குள் போனபோது எல்லாருக்கும் முதல் விழுந்தது அவள்தான். லோட் பண்ணிப் போனோம், விழுந்தாள். திரும்பவும் லோட் பண்ணினோம், திரும்பவும் விழுந்தாள்.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து விதிகளைப் படித்தோம். கம்பஸில் பாடத்துக்கு இப்படிப் படித்திருந்தால் எங்கள் பெறுபேறு வேறு மாதிரி இருந்திருக்கும்.

விஷயம் இதுதான். கேமில் லெவல் என்று இரண்டு கணக்கு ஓடுகிறது. ஒன்று ஆளின் மொத்த லெவல், மற்றது ஒவ்வொரு கிளாஸுக்குமான லெவல். மொத்த லெவலோடு வளர்கிற சாமான்கள் குறைவு. பெரிய சாமான்கள் எல்லாம் கிளாஸ் லெவலோடு பூட்டப்பட்டிருக்கின்றன. ஃபைட்டருக்கும் றோக்குக்கும் தனித்துறை மூன்றாவது லெவலில்தான் திறக்கும். ஃபீட் என்கிற விசேட திறமை ஒரு கிளாஸின் நாலாவது லெவலில்தான் முதல்முறை வரும். ஃபைட்டரின் இரண்டாவது வெட்டும் விசார்டின் ஃபயர்போலும் ஐந்தில். நாங்கள் மூன்று வாசல்களிலும் இரண்டு படி ஏறிவிட்டு, ஒரு வீட்டுக்குள்ளும் போகாமல் நின்றிருக்கிறோம். ஆறு லெவலில் ஒரு ஃபீட்கூட இல்லை.

புள்ளிகளும் அப்படித்தான். ஆளை உருவாக்கும்போது கிடைப்பது 27 புள்ளி. வாளுக்கு வலிமை, பதுங்கலுக்குச் சுறுசுறுப்பு, மந்திரத்துக்கு அறிவு என்று அதையும் மூன்றாகக் கிழித்திருந்தோம். மேசையில் பகடை உருட்டி விளையாடுகிற டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில், மல்டிகிளாஸ் செய்ய அந்தந்தக் கிளாஸுக்குரிய குணத்தில் 13 இருக்க வேணும். இந்தக் கேம் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. எதையும் எதோடும் சேர்க்கலாம். தடுக்க ஆள் இல்லை என்றால் யோசிக்கிற வேலை முழுக்க எங்கள் தலையில் விழும் என்பது அப்போது எங்களுக்கு விளங்கவில்லை.

இன்னொன்று, துண்டு குலுக்கின விஷயம். முதலாவதாக எடுக்கிற கிளாஸ்தான் எந்தெந்தத் தாக்குதல்களைத் தாங்கும் பயிற்சி இருக்கும் என்று தீர்மானிக்கிறது. ஃபைட்டரை முதலில் எடுத்தால் கனத்த கவசம் போடலாம், பிறகு சேர்த்தால் அது வராது. இவ்வளவு பெரிய முடிவை நாங்கள் கொப்பி ஒற்றையில் கிழித்த துண்டிடம் ஒப்படைத்திருந்தோம்.

அதற்காக மல்டிகிளாஸே பிழை என்று நினைக்க வேண்டாம். நல்ல கலவைகள் இருக்கின்றன. பாலடினில் இரண்டு லெவல் போட்டால், அடிக்கிற அடியில் மந்திர சக்தியை இறக்கலாம். அந்த சக்தியை சோர்சரரில் இருந்து நிறைய எடுக்கலாம். இரண்டுக்கும் தேவை ஒரே குணம், ஆளைக் கவர்கிற கரிஸ்மா, அதனால் புள்ளியும் சிதறாது. ரேஞ்சரில் ஐந்து வரை போய் இரண்டாவது அடியை வாங்கிக்கொண்டு, பிறகு றோக்கில் மூன்று போட்டு தீஃப் ஆனால் மேலதிகமாக ஒரு போனஸ் அக்ஷன் கிடைக்கும். ஆனால் ரேஞ்சர் ஐந்து, ஃபைட்டர் ஐந்து என்று போட்டால் அடி மூன்றாகாது, இரண்டோடுதான் நிற்கும். ஒரே சாமானுக்கு இரண்டு தரம் காசு கட்டின மாதிரி. இவற்றைப் பார்த்துப் பார்த்து எங்களுக்குள் மூன்று கேள்வி உருவானது. எதற்காக அந்தக் கிளாஸுக்குப் போகிறோம், அது எத்தனையாவது லெவலில் கையில் வரும், அதற்காக மேலே 12இல் எதை விடுகிறோம். இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் லெவல் போடக்கூடாது.

இந்த மூன்று கேள்வியும் கையில் வந்ததும் எங்களுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்துவிட்டது. அந்தக் கிழமைதான் பக்கல்ட்டியில் படிவம் தந்தார்கள்.

கலைப்பீடத்தில் படிக்கிறவர்களுக்குத் தெரியும். முதல் வருஷம் மூன்று பாடம். பிறகு, பெறுபேறு இருந்தால், ஒரு பாடத்தில் ஸ்பெஷல், நாலு வருஷம். இல்லையென்றால் மூன்று பாடத்தோடும் ஜெனரல், மூன்று வருஷம். எங்கள் விசார்ட்காரிக்கு வரலாற்றில் ஏ. அவள் ஸ்பெஷல் போடுவாள் என்று நாங்கள் கேட்கவே இல்லை, அவ்வளவு நிச்சயம். படிவத்தை எட்டிப் பார்த்தால் ஜெனரலுக்குக் குறித்திருக்கிறாள்.

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பிடித்துக்கொண்டோம். “உனக்கென்ன விசரே? ஏ எடுத்துப்போட்டு ஜெனரலுக்குப் போறாய்?” என்று தொடங்கி, கேமில் படித்த எல்லாவற்றையும் கொட்டினோம். மூன்று பாடத்திலும் கொஞ்சம் கொஞ்சம், ஒன்றிலும் மேலே போகமாட்டாய் என்றோம். கடைசியில், “நீயும் பொன்னி மாதிரி ரெண்டு, ரெண்டு, ரெண்டாத்தான் நிக்கப்போறாய்” என்றும் சொல்லிவிட்டோம்.

அவள் ஒன்றும் சொல்லாமல் லப்டொப்பை மூடினாள். இரண்டு நாள் எங்களோடு கதைக்கவில்லை. அந்தச் சின்ன றூமில் மூன்று பேர் கதைக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

மூன்றாம் நாள் இரவு, லைட் நிப்பாட்டின பிறகு, கட்டிலில் கிடந்தபடியே சொன்னாள். “பொன்னி செத்தது மூண்டையும் கலந்ததால இல்லை. மூண்டு பேர் ஒருத்திக்கு முடிவெடுத்ததால.”

பிறகு மெதுவாக மற்றதையும் சொன்னாள். அம்மா தைக்கிறா, தம்பிமார் இரண்டு பேர் படிக்கிறார்கள். சனி, ஞாயிறு வீட்டுக்குப் போய் ஓ லெவல் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறாள். “மூண்டு பாடம் தெரிஞ்சா மூண்டு வகுப்பு எடுப்பன். ஒரு வருஷம் முந்தி முடிப்பன். நான் கணக்குப் பாக்காமல் குறிச்சன் எண்டு நினைச்சீங்களே?”

நாங்கள் பெருமையாக வைத்திருந்த மூன்று கேள்விக்கும் அவளிடம் பதில் இருந்திருக்கிறது. எதற்காகப் போகிறாள், எப்போது கையில் வரும், எதை விடுகிறாள். வரலாற்றை விடுகிறாள் என்பது எங்களைவிட அவளுக்குத்தான் வலிக்கும். நாங்கள் அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, பதிலை மட்டும் கொண்டு போனோம்.

பிறகு ஒருநாள் எங்களில் ஒருத்தியின் அண்ணா போனில் ஒரு கதை சொன்னார். அவர் பழைய பால்டர்ஸ் கேட் விளையாடினவர், 1998இலும் 2000இலும் வந்தவை. அதில் விதிகளே வேறு. மனிதர் மல்டிகிளாஸ் ஆக முடியாது. ஒரு கிளாஸை விட்டுவிட்டு இன்னொன்றை முதலில் இருந்து தொடங்கலாம், ஆனால் புதியதில் பழைய லெவலைத் தாண்டும்வரை பழைய வித்தை எதுவும் கை கொடுக்காது. எல்ஃப் ஆக இருந்தால் ஃபைட்டர், மாயக்காரர், திருடர் மூன்றும் ஒன்றாக இருக்கலாம், அனுபவப் புள்ளி மூன்றாகப் பிரியும். ஒவ்வொரு லெவலுக்கும் தேவையான புள்ளி ஏறிக்கொண்டே போவதால், மூன்றாகப் பிரிந்தும் அந்த ஆள் சில லெவல்தான் பின்னால் நிற்பார். “அது நல்ல ஆள், கடைசி மட்டும் அதை வச்சுத்தான் விளையாடினனான்” என்றார் அண்ணா. எங்கள் பொன்னியின் அதே மூன்று கிளாஸ்! ஒரு விதிப்புத்தகத்தில் தோற்றது இன்னொன்றில் வென்றிருக்கிறது. எங்கள் சிநேகிதி எந்த விதியில் விளையாடுகிறாள் என்று தெரியாமலேயே நாங்கள் அவளுக்கு லெவல் போடப் போயிருக்கிறோம்.

கேமில் விதர்ஸ் என்று ஒரு எலும்புக் கிழவர் முகாமில் நிற்பார். 100 தங்கம் கொடுத்தால் கிளாஸ் எல்லாவற்றையும் கலைத்துத் திரும்பத் தொடங்க விடுவார். படிவம் வாங்கிக்கொண்ட பக்கல்ட்டி அலுவலகத்தில் அப்படி ஒருவரும் இல்லை. அதனால்தான் எங்களுக்கு அந்தப் பயம் வந்தது, அதை அவளும் விளங்கிக்கொண்டாள் என்று நினைக்கிறோம்.

விதர்ஸிடம் 100 தங்கத்தைக் கொடுத்துவிட்டு மவுஸை அவளிடமே கொடுத்தோம். அவள் போட்ட பொன்னி இது: முதல் லெவல் ஃபைட்டர், மிச்சமெல்லாம் விசார்ட். ஒரே ஒரு லெவலில் கனத்த கவசமும் கேடயமும் வந்தன. அடி விழுந்தாலும் மந்திரம் கலையாமல் பிடித்து நிற்கிற பயிற்சியும் வந்தது. விலையாக ஃபயர்போல் ஒரு லெவல் பிந்தி வந்தது, 12இல் வரவேண்டிய கடைசி ஃபீட் வரவே வராது. ஆனால் விசார்ட் 11இல் ஆறாம் மட்ட மந்திரம் கிடைத்துவிடும். எதை விட்டாள், எதை எடுத்தாள் என்று முழுக்கத் தெரிந்து போட்டாள். கித்யாங்கி தளத்தில் இந்த முறை பொன்னி விழவில்லை.

இப்போது பொன்னி ஒன்பதாம் லெவல். சண்டை, கதை, யாரோடு காதல் என்று மற்றதெல்லாம் இன்னும் மூன்று பேரும் சேர்ந்துதான் முடிவெடுக்கிறோம். லெவல் ஏறுகிற நேரம் மட்டும் நாங்கள் இரண்டு பேரும் எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விடுவோம். திரும்பி வரும்போது அவள் போட்டு முடித்திருப்பாள்.