யாரும் ஏலம் கேட்காத கீரைக்கட்டு

எங்கள் சபையில் ஆண்டுதோறும் அறுப்பின் பண்டிகை நடக்கும். ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருட்களைக் கோயில் வாசலில் வைத்து ஏலம் விடுவோம். பூசணிக்காய், தேங்காய், நாட்டுக்கோழி, முதல் படி நெல். பத்து ரூபாய் எலுமிச்சம்பழம் ஐந்நூறு ரூபாய்க்குப் போகும். விலை பார்த்து யாரும் கேட்பதில்லை. அது சபைக்குக் கொடுக்கும் காசு.

இப்போது அறுப்பும் இல்லை, அறுக்க வயலும் இல்லை. 1990களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனி வந்ததில் தொடங்கி, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் என்று சிப்காட் நீண்டுகொண்டே போனது. பண்டிகை மேசையில் இப்போது பிஸ்கட் பாக்கெட், சோப்பு, பிளாஸ்டிக் குடம்தான் அடுக்கியிருக்கும். கம்பெனிக்கு வேன் ஏறும் பிள்ளைகள் சம்பளத்தில் வாங்கிக் கொடுப்பவை. அதில் எங்களுக்கு வெட்கமில்லை, அதுவும் உழைப்புதான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்த மேசைக்கு ஓர் ஆயா ஒரு கட்டு சிறுகீரை கொண்டுவந்து வைத்தார். ஏலம் விடுபவர் தூக்கிப் பிடித்தார். "கீரைக்கட்டு, பத்து ரூபா… பத்து ரூபா…" யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஆயர் நூறு ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டார். ஆயா எங்களைப் பார்த்துக் கேட்டார்: "நான் அத்தத்தானே துன்னுட்டு இருக்கேன். உங்களுக்கு மட்டும் ஆவாதா?"

எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கீரை எந்தத் தண்ணீரில் விளைந்தது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஏரிக்குப் போகும் கால்வாய் எங்கள் காலனிக்குப் பின்னால் ஓடுகிறது. எங்கள் கல்லறைத் தோட்டமும் அதன் கரையில்தான். ஊருக்கு மேட்டில் இடம், சேரிக்குப் பள்ளத்தில் இடம் என்பது இந்தப் பக்கத்துப் பழைய கணக்கு. இரவு பதினொரு மணிக்கு மேல் டேங்கர் லாரிகள் வரும். தொழிலாளர் விடுதிகள், கேன்டீன்களின் செப்டிக் டேங்க் கழிவை அந்தக் கால்வாயில் திறந்துவிட்டுப் போகும். ஏன் இந்தக் கால்வாய்? ஊர்த்தெரு வழியாக ஓடும் கால்வாயில் ஊற்றினால் மறுநாளே லாரியை மடக்குவார்கள் என்று ஓட்டுநருக்குத் தெரியும். சமூகவியல் வகுப்பில் 'சுற்றுச்சூழல் அநீதி' என்று படித்தோம். எங்கள் ஊரில் அதற்கு விளக்கவுரை தேவையில்லை, காற்று அடித்தால் போதும்.

ஆனாலும் அதுவரை சபையாக நாங்கள் செய்தது என்ன? தென்னிந்தியத் திருச்சபை ஜூன் 5 ஒட்டி வரும் ஞாயிறைச் சுற்றுச்சூழல் ஞாயிறாகக் கடைப்பிடிக்கிறது. திருச்சபைக்குச் சூழலியலுக்கென்றே தனித் துறையும் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையில் போப் பிரான்சிஸ் 2015இல் 'லௌதாத்தோ சி' என்ற சுற்றுமடலையே எழுதினார். பூமிக்கு நேரும் கேட்டையும் ஏழைக்கு நேரும் கேட்டையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பது அதன் அடிப்படை. மேலே இவ்வளவு இருந்தும் எங்கள் சபையில் அது வந்து சேர்ந்தது செடி நடும் விழாவாகத்தான். செடி நட்டோம், படம் எடுத்தோம், அடுத்த மே மாதத்தில் காய்ந்த குச்சிகளைப் பிடுங்கினோம்.

கீரைக்கட்டு நடந்த அடுத்த ஆண்டு, ஒரு கம்பெனியிலிருந்து இருவர் வந்தார்கள். நூறு மரக்கன்று, கம்பி வேலி, கோயில் சுவருக்கு வண்ணம், எல்லாம் இலவசம். வாசலில் கம்பெனி பெயர்ப்பலகை மட்டும் வைக்க வேண்டும். சபைக் கமிட்டியில் பெரும்பாலோருக்குச் சம்மதம். சுவர் உண்மையிலேயே உரிந்துபோய்த்தான் இருந்தது. வாலிபர் சங்கத்தில் நாங்கள் ஒரு கேள்வி கேட்டோம்: "அவங்க கேன்டீன் கழிவு எங்கே போகுதுன்னு கேட்டுட்டு வாங்கிக்கலாமா?" கேட்டோம். விசாரித்துச் சொல்கிறோம் என்று போனவர்கள் திரும்பி வரவில்லை. சுவர் இன்னும் உரிந்தபடியே நிற்கிறது. அதற்காக எங்கள் மேல் கோபமாக இருக்கும் பெரியவர்கள் இன்றும் சபையில் உண்டு.

அந்த ஞாயிறு ஆயர் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைப் பற்றிப் பேசினார். அப்பன் பாட்டன் நிலத்தைக் கேட்ட ராஜா, கொடுக்க மறுத்த குடியானவன், பொய்ச் சாட்சி, கொலை. எங்கள் மாவட்டத்துக்கு அது அந்நியக் கதை அல்ல. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர், நிலமில்லாத பறையர் மக்களின் நிலைமையை அறிக்கையாக எழுதினார். அதற்கு முன்பே இந்த வட்டாரத்தில் வேலை செய்த ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகள் நிலம் இல்லாமல் விடுதலை இல்லை என்று பேசிவந்தார்கள். 1892 அரசாணையின்படி வந்தவைதான் பஞ்சமி நிலங்கள். அவை கைமாறிப் போனதை எதிர்த்துக் காரணையில் போராட்டம் எழுந்தது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிர் கொடுத்தார்கள். அந்த இரண்டு பெயர்களையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள் தோழர்களே. நிலத்துக்கான போராட்டத்தில் எந்தக் கோயிலுக்குப் போகிறாய் என்ற கேள்வி எழவில்லை.

அந்தக் கேள்வியை எழுப்புவது சட்டம். பட்டியல் சாதியினர் பயன்படுத்தும் நீர்நிலையை அசுத்தப்படுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் குற்றம். அவர்கள் குடியிருப்பு வாசலில் கழிவைக் கொட்டுவதும் 2015 திருத்தத்தின்படி குற்றம். ஆனால் 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவராக இருப்பவர் பட்டியல் சாதியினர் அல்லர். 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள், எங்களைச் சேர்க்கவில்லை. ஒரே கால்வாய், ஒரே நாற்றம். மாரியம்மன் கோயில் தெருவில் இருக்கும் சித்தப்பா புகார் கொடுக்கலாம், கோயிலுக்கு வரும் நாங்கள் கொடுத்தால் செல்லாது. எனவே மனுவைச் சபையின் பெயரில் எழுதவில்லை. காலனியின் பெயரில் எழுதினோம். முதல் கையெழுத்து மாரியம்மன் கோயில் பூசாரியுடையது, இரண்டாவது ஆயருடையது. இருவரும் பங்காளிகள்.

மனுவுக்கு முன் ஒரு வேலை இருந்தது. அதுதான் கடினமானது. இரவில் வரும் லாரிகளில் ஒன்று எங்கள் சபையாருடையது. பண்டிகை ஏலத்தில் தாராளமாகக் கேட்பவர். மூன்று மூப்பர்களும் ஆயரும் அவர் வீட்டுக்குப் போனார்கள். அவர் மறைக்கவில்லை. "ஐயா, சுத்திகரிப்பு நிலையம் வரைக்கும் போய்ட்டு வந்தா டீசலுக்கே கட்டாது. கான்ட்ராக்டர் குடுக்குறது அவ்ளோதான். நான் ஊத்தலேன்னா இன்னொருத்தன் ஊத்துவான்." பிறகு, எந்தெந்த விடுதியில் எடுக்கிறார், நடைக்கு எவ்வளவு தருகிறார்கள் என்று அவரே சொன்னார். அதை வைத்தே மனு எழுதினோம். ஓட்டுநரை மட்டும் பிடித்துக் கொடுப்பது எளிது. பிடிபடுபவர் நம் ஆளாகவே இருப்பார். கழிவை உண்டாக்குபவரும் குறைந்த கூலிக்கு அதை ஏற்றி அனுப்புபவரும் மனுவில் இருக்க வேண்டும்.

கிளீனர் வேலைக்கு அந்த லாரியில் போகும் பையன்களும் எங்களவர்களே. 2022 அக்டோபரில் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு தங்கும் விடுதியின் கழிவுநீர்த் தொட்டியில் மூன்று பேர் மூச்சுத்திணறி இறந்தார்கள். மனிதரை அந்தத் தொட்டிக்குள் இறக்குவதை 2013 சட்டம் தடை செய்து ஒன்பது ஆண்டுகள் ஆன பிறகு. 2023இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. பணம் உயர்ந்தது, இறங்குபவரின் சாதி மாறவில்லை. ஆகவே எங்கள் சபை எடுத்த முதல் சூழல் தீர்மானம் மரக்கன்று பற்றியது அல்ல: கோயிலிலோ சபையார் வீட்டிலோ எந்தத் தொட்டிக்குள்ளும் எந்த மனிதரும் இறங்கக் கூடாது. இரண்டாவது, அசன விருந்தில் பிளாஸ்டிக் தட்டும் டம்ளரும் கிடையாது. 2019 ஜனவரி முதல் அவற்றுக்கு அரசுத் தடை இருந்தும் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். மூன்றாவது, கோயில் கூரையின் மழைநீரைப் பழைய கிணற்றுக்குத் திருப்புவது.

அக்டோபர் 2 கிராம சபையில் கால்வாய்த் தீர்மானத்தைக் கொண்டுபோனோம். பெண்கள் சங்கத்து அக்காமார்கள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். தீர்மானம் பதிவேட்டில் எழுதப்படும் வரை எழுந்திருக்கவில்லை. வாலிபர்கள் ஒரு மாதம் முறைவைத்து விழித்திருந்து, வண்டி எண்ணும் நேரமும் குறித்தார்கள். அந்த நோட்டின் நகல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் வட்டாட்சியருக்கும் போனது.

லாரிகள் நின்றன. இதோடு முடித்தால் நல்ல சாட்சியாக இருக்கும். ஆனால் ஆறு வாரம் கழித்து, இரண்டு ஊர் தள்ளி இருக்கும் சபையிலிருந்து போன் வந்தது. லாரி அங்கே போயிருந்தது. அதுவும் சேரிக்குப் பின்னால் ஓடும் கால்வாய்தான்.

அன்றுதான் எங்கள் கண் கால்வாயைவிட்டு ஏரிக்குப் போனது. இங்கே ஏரிகள் சங்கிலி; ஒன்றின் கலங்கல் அடுத்ததன் வரத்து. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. அங்கிருந்து சென்னையின் குழாய்க்கு. 2015 டிசம்பர் வெள்ளத்தில்தான் நகரத்துக்கு அந்தச் சங்கிலி நினைவு வந்தது. சேரியின் கால்வாயில் ஊற்றியதை ஊர் குடிக்காது என்பது சாதி சொல்லிக்கொடுத்த பொய்க் கணக்கு. தண்ணீருக்கு அந்தக் கணக்கு தெரியாது.

இப்போது நான்கு சபைகளும் இரண்டு மாரியம்மன் கோயில் கமிட்டிகளும் ஒரே நோட்டில் வண்டி எண் எழுதுகின்றன. வாரியத்தின் இறுதிப் பதில் இன்னும் வரவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டிருக்கிறோம்.

மாணவத் தோழர்களே, உங்கள் சபையிலும் அடுத்த ஜூனில் செடி நடுவார்கள். நடுங்கள், தவறில்லை. அதற்கு முன் கோயிலுக்குப் பின்னால் போய், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யார் வீட்டு வாசல் வழியாகப் போகிறது என்று ஒரு நாள் நடந்து பாருங்கள்.

ஆயா இந்த ஆண்டும் பண்டிகைக்குக் கீரை கொண்டுவந்தார். கால்வாய்த் தண்ணீர் இல்லை, கோயில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி வளர்த்தது. அறுநூறு ரூபாய்க்குப் போனது. ஏலம் எடுத்தவர் லாரிக்காரர். ஆயா அவரிடம் கட்டைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "துன்னு பாரு. அப்புறம் ஊத்தத் தோணாது."

ஜெய்பீம்.