பொச்சுமட்டைக் குழி

பாலாவிச் சந்தியில் கற்பிட்டி பஸ் திரும்பிக் கொஞ்சத் தூரம் போனால் மண் வெளுத்துவிடும். ஒரு பக்கம் களப்பு, மறு பக்கம் கடல், நடுவில் நீண்டு கிடக்கும் மணல். மிளகாயும் சின்ன வெங்காயமும் லொறி லொறியாக வெளியூர் போவது இந்த மணலில் இருந்துதான். அந்தப் பெரிய தோட்டங்களைப் பார்க்க நான் போகவில்லை. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரிகிற தூரத்தில், கால் ஏக்கர் கூட வராத ஒரு வளவுக்குப் போனேன்.

வளவுக்காரி 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னாரிலிருந்து கைக்குழந்தையோடு வந்தவர். அங்கே வயல் செய்த குடும்பம். "எங்கட ஊர்ல தண்ணி கட்டினா நிக்கும் தம்பி. இங்க ஊத்துற சத்தம் அடங்க முந்திக் காணாமப் போயிரும்" என்றார்.

மணலோடு மல்லுக்கட்ட அவர் கண்ட வழி பொச்சுமட்டை. தென்னை நாட்டில் அதற்கா பஞ்சம்? மாதுளங்கன்றுக்கு முழங்காலளவு குழி ஒன்று வெட்டி வைத்திருந்தார். "நானும் அடுக்கிறேன் ராத்தா" என்று இறங்கினேன். இரண்டு வரிசை வைத்ததும் சிரித்தார். முதுகு மேலே தெரிய வைத்திருந்தேன். "கவுத்து வெச்சா அது மட்டை. மல்லாத்தி வெச்சாத்தான் சட்டி." எல்லாவற்றையும் எடுத்து, குழிந்த பக்கம் வானத்தைப் பார்க்க மீண்டும் அடுக்கினோம். இடையில் மணல், மேலே இன்னொரு வரிசை, அதற்கு மேல் ஆட்டுப் புழுக்கையும் அடுப்புச் சாம்பலும். மட்டை ஈரத்தைப் பிடித்து வைக்கும். உக்கும்போது தன்னிடமுள்ள பொட்டாசியத்தையும் வேருக்குக் கொடுக்கும். பப்பாசிக்கு மட்டும் அடியில் மீன் கழிவு. அந்தக் குழிகளின் மேல் கல் ஏற்றி வைத்திருக்கிறார், நாய்களுக்குப் பயந்து.

அடுத்த எதிரி சோழகக் காற்று. பந்தல் போட்டால் பறிக்கும், முருங்கையை முறிக்கும். அதனால் புடலைப் பந்தல் இடுப்பளவுதான். காய் பறிக்கக் குனிந்தே போகவேண்டும். என் முதுகு அன்றிரவு வரை அதை நினைவூட்டியது. முருங்கையை நெஞ்சளவில் தறித்துத் தறித்துப் புதராக்கி வைத்திருக்கிறார். கடல் பக்க வேலிக்கு இரட்டைக் கிடுகு. அதன் மறைவில் வெண்டி, கத்தரி, வத்தாளங்கொடி.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தபோது, அவரைப் பார்த்துச் சிரித்தவர்களே புழுக்கை கேட்டு வந்தார்களாம். மறு ஆண்டு, பொருளாதார நெருக்கடியில், வீட்டுத்தோட்டம் செய்யட்டுமென்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அறிவித்தார்கள். அதைச் சொன்னேன். "வெள்ளிக்கிழமை மட்டும் ஊத்தினா வெண்டி காய்க்குமா?" என்றார்.

ஆனால் ராத்தாவின் கண் செடிகளில் இருந்ததை விடக் கிணற்றில்தான் அதிகம் இருந்தது. மணலுக்கு அடியில் மழைநீர், உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி இருக்கும் என்பது கணக்கு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதைச் சொன்னவர்களில் ஒருவர் ஒல்லாந்துப் பொறியாளர். கற்பிட்டியில் கோட்டை கட்டியவர்களின் நாட்டுக்காரர்தான்! கணக்கைத் திருப்பிப் போட்டால் பயம் வரும்: மேலே 1 அடி இறைத்துக் குறைத்தால், உப்பு அத்தனை அடி ஏறி வரப் பார்க்கும்.

மேலிருந்து இறங்குவதும் உண்டு. தோட்டங்களுக்கு அள்ளிப் போடும் யூரியா மணலில் தங்காமல் நைத்திரேற்றாகக் கிணற்றுக்குள் போகிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கற்பிட்டியில் அந்த அளவைத் தாண்டிய கிணறுகளை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ராத்தாவுக்கு அந்த எண் தெரியாது. "மேல போடுறதத்தானே தம்பி கீழ குடிக்கிறம்" என்று யூரியாப் பையை வளவுக்குள் விடுவதில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் போடுவதை அவர் என்ன செய்ய முடியும்?

வெயில் தாழ்ந்ததும் வாளியை இறக்கி, ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்தார். பிறகுதான் மோட்டாரைப் போட்டார். கிணற்றின் அடி வளையம் தெரியத் தொடங்கியதும் நிறுத்திவிட்டார். மூன்று பாத்தி இன்னும் நனையவில்லை. அதற்கு நாளைக்கு என்றார். வேலிக்கு அப்பால் ஸ்பிரிங்ளர்கள் சுற்றிக்கொண்டே இருந்தன.